கடிக்க வேண்டாம் என்று நான் சொன்ன துணி

எங்கள் பக்கம் பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள், "புடுங்கிடுங்க." எந்தப் பல், எத்தனை நாளாக வலி, அதெல்லாம் பேச்சே கிடையாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் திருவொற்றியூர் சாலையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் என் கிளினிக். பதினெட்டு வருடமாக அந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. "புடுங்கத்தான் வந்தீங்கன்னா நான் எதுக்கு, வீட்ல கொறடு இல்லையா?" என்று எரிந்து விழுவேன். அதனால் இந்த வட்டாரத்தில் எனக்குப் 'புடுங்காத டாக்டரம்மா' என்று பெயர். என் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் வழி கேட்டால் அப்படிச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். என் அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள் எல்லாப் பல்லும் போய்விட்டது. ஒவ்வொன்றாக வலித்தது, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் சிரித்தால் முந்தானை வாய்க்கு வந்துவிடும். பிடுங்க மாட்டேன் என்ற என் வீம்பு அங்கே தொடங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

பல் என்பது வெறும் எலும்புத் துண்டு என்றுதான் பலருக்கு நினைப்பு. உள்ளே சதை இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. புத்தகத்தில் அதற்குப் பற்கூழ் என்று பெயர். நான் நோயாளிகளிடம் 'உயிர்' என்றே சொல்வேன். நான் படித்த காலத்தில், அந்த உயிர் வெளியே தெரிந்துவிட்டால் முழுவதையும் வழித்து எடுத்துவிட்டு வேரை அடைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பல் நிற்கும், ஆனால் செத்த பல்லாக நிற்கும். இப்போது அப்படி இல்லை. கெட்டுப்போன மேல்பகுதியை மட்டும் நுனியில் சீவிவிட்டு, மிச்சத்தின் மேல் ஒரு சிமெண்டை வைத்து மூடினால், உள்ளே இருப்பது தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். இதை நான் கொஞ்சம் வயதான பிறகுதான் ஒரு வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். புதிதாக மதம் மாறியவளைப் போல ஆகிவிட்டேன். எந்தப் பல்லைப் பார்த்தாலும், இதன் உயிரைக் காப்பாற்ற முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். பல்லைச் சுற்றி ஒரு ஆள் இருக்கிறான் என்பது சில சமயம் எனக்கு மறந்துபோகும்.

அவன் வந்தது ஒரு வெயில் காலத்துக் காலை. முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயது இருக்கும். ஒல்லி, நல்ல உயரம், தோளில் ஒரு பழைய துண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்.

"டாக்டரம்மா, புடுங்கிடாதீங்க. அது ஒண்ணுதான் கேட்டுக்கறேன்."

பதினெட்டு வருடத்தில் முதல்முறை. எனக்கு உதவிக்கு இருக்கும் அக்கா, எர்ணாவூர்க் குடியிருப்பிலிருந்து வருகிறவர், கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் அந்த நொடியே அவன் கட்சிக்குப் போய்விட்டேன்.

வாயைத் திறக்கச் சொன்னேன். கடைவாய்ப் பற்கள் நன்றாக இருந்தன. மேல் முன்பற்கள் இரண்டும்தான் பாதி கரைந்திருந்தன. சொத்தை இல்லை, உடைந்ததும் இல்லை. சப்பிய மிட்டாயைப் போல முன்பக்கம் வழவழவென்று தேய்ந்து, நுனி தாள் மாதிரி மெலிந்திருந்தது. இடது பல்லின் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. உயிர் அங்கே வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் அவன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான்.

"எங்க வேலை?" என்று கேட்டேன்.

எர்ணாவூர்ப் பக்கம் ஒரு ஷெட். விளக்குக் கம்பங்கள், சாலையோரத் தடுப்புகள், இவற்றுக்குத் துத்தநாகப் பூச்சுப் போடுகிற இடம். பூசுவதற்கு முன்னால் துருவை எடுக்க இரும்பை ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். இரும்பைச் சங்கிலியில் மாட்டித் தொட்டிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் இவன் வேலை. ஆறு வருடமாக. ஆசிட் புகை உதடு மூடாத பல்லைத்தான் முதலில் தின்னும். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், வாயில் பார்த்தும் இருக்கிறேன். இந்த அளவுக்குப் பார்த்ததில்லை. அந்த வித்தியாசத்தை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

"பல்லு மேல அவ்ளோ ஆசையா?" என்றேன்.

"நான் கிளாரினெட் வாசிக்கறேன் டாக்டரம்மா. எங்கப்பாவும் பேண்டு செட்டுதான். மாதா கோயில் தேர், கல்யாணம், சாவு, எல்லாத்துக்கும் போவோம். மேல் பல்லு ரெண்டும் அது மேல நல்லா குந்தினாதான் சத்தம் நிக்கும். எங்க செட்ல ஒருத்தரு பல்லு கட்டிகினு வந்து வாசிச்சாரு. வேற யாரோ வாசிக்கற மாரி கீதுன்னு வுட்டுட்டாரு. எனக்கு வாரத்துல ஆறு நாளு அந்த ஷெட்டு. ஞாயித்துக்கெழம ஒரு நாளு தான் நான் நானா கீறேன். அத்த வுட்டுட்டா அப்பால இன்னா கீது?"

வேரைச் சுற்றியுள்ள சவ்வுதான் அதிர்வை உணர்கிறது, உயிரோடு இருக்கிற பல்லுக்கும் செத்த பல்லுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று புத்தகம் சொல்லும். உயிரை எடுத்தாலும் வாசிக்கலாம் என்று அவனோடு நான் வாதாடவில்லை. இவ்வளவு மெலிந்த பல்லின் உயிரை எடுத்தால் அது காய்ந்த குச்சி மாதிரி ஒரு நாள் முறியும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றாகவே இருந்தது.

அன்றைக்கே செய்தேன். ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைக் கட்டினேன். கீழே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் கட்டடம் லேசாக அதிரும், அப்போது கையை எடுத்துவிட வேண்டும். லாரி போன பிறகு, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அந்தச் சிவப்புப் புள்ளியை இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சீவினேன். ரத்தம் துளிர்த்தது. மருந்தில் நனைத்த பஞ்சுருண்டையை வைத்து அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தாறு நிமிடத்துக்குள் ரத்தம் நின்றால் உள்ளே மிச்சமிருப்பது நல்லது. நிற்காவிட்டால் அழுகல் ஆழமாகப் போய்விட்டது, மொத்தத்தையும் எடுக்க வேண்டியதுதான்.

இரண்டு நிமிடத்தில் பஞ்சை எடுத்தேன், கசிந்தது. மூன்றில் எடுத்தேன், கசிந்தது. அக்கா எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் எனக்குத் தெரிந்த எல்லா மாதாவையும் கூப்பிட்டேன். ஐந்தாவது நிமிடத்தில் பஞ்சு வெள்ளையாக வந்தது. உள்ளே அந்தச் சதை, குழந்தையின் ஈறு நிறத்தில், அமைதியாக இருந்தது. சிமெண்டைக் குழைத்து வைத்து, மேலே பல் நிறத்தில் பூசி மூடினேன். இரண்டு பல்லுக்கும் முன்பக்கம் ஒரு சட்டை போட்ட மாதிரி பூச்சுக் கொடுத்தேன். அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தேன், சரியாக வந்தான். பல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி குளிர்ச்சிதான். ஊசியின் பிளாஸ்டிக் மூடிக்குள் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் மெல்லிய ஐஸ் குச்சி கிடைக்கும். அதைப் பல்லில் வைத்தால், உயிருள்ள பல் கூசும், எடுத்ததும் அடங்கிவிடும். கூசினால் விரலைத் தூக்கச் சொன்னேன். தூக்கினான். எடுத்ததும் இறக்கினான். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் நான் போட்ட பூச்சைச் சுற்றி, பல் புதிதாக அரித்திருந்தது. ஆறு வாரத்தில் அவ்வளவு அரிக்கக் கூடாது.

"இன்னா பண்றீங்க இந்தப் பல்லை?" என்று கேட்டேன். எரிச்சலில் எனக்கு ராயபுரம் வந்துவிடும்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து நாலாக மடித்தான். மடித்த முனையை முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்து, வாயால் மூச்சிழுத்துக் காட்டினான். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னான்.

"தண்ணில நனைச்சிக் கடிச்சிப்போம் டாக்டரம்மா. ஷெட்ல அல்லாருமே அப்டித்தான். மூக்கால இழுத்தா மூக்கு பத்திகினு எரியும். மொத நாளே மேஸ்திரி சொல்லிக் குடுத்துடுவாரு."

துண்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு முனை நன்றாக இருந்தது. கடிக்கிற முனை முழுக்கச் சல்லடையாக ஓட்டை. பருத்தியையே ஆசிட் தின்றிருந்தது. எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், ஆசிட்டை உறிஞ்சிய ஈரத்துணியைப் பல்லோடு சேர்த்து வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறான். எனக்குக் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவனை நான் திட்டிய திட்டு மருந்துக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். "நான் உயிரைக் குடுத்துக் காப்பாத்துறேன், நீங்க தெனம் ஆசிட்ல ஊறப் போடுறீங்க. இன்னும் ஆறு மாசம் இந்தத் துணியைக் கடிச்சா கிளாரினெட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுடுங்க." அவன் முகம் சுருங்கிவிட்டது. கடிக்க மாட்டேன் என்று சொல்ல வைத்தேன். அதோடு விட்டேனா? அலமாரியைத் திறந்து, நாங்கள் கிளினிக்கில் போட்டுக்கொள்கிற நீல நிற மாஸ்க் இரண்டு பெட்டி எடுத்துக் கையில் கொடுத்தேன். "இதைப் போட்டுக்குங்க. தீர்ந்தா வந்து வாங்கிக்குங்க." பெரிய வள்ளல் நான்.

அவன் படியிறங்கிப் போன பிறகு, அக்கா குழாயடியில் கருவிகளைக் கழுவிக்கொண்டே சொன்னார், "அவன் இன்னா ஆசைக்கா துணிய கடிக்கிறான்? நெஞ்சு எரியுதுன்னு தான கடிக்கிறான்."

"அதுக்குத்தான் மாஸ்க் குடுத்திருக்கேன்ல."

"ஆமா, அத்த போட்டுகினு நம்ப பேஷண்டு வாய் நாத்தத்தையே தாங்க முடில. ஆசிட்ட தாங்கிடப் போவுது."

நான் சிரித்தேன். உண்மையாகவே அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னேன்.

அடுத்த மாதம் நான் பிறந்த பக்கத்துக் கோயிலில் மாதா தேர். நான் கல்யாணமாகி வேறு பக்கம் போய்விட்டாலும் தேருக்கு மட்டும் ராயபுரத்துக்குப் போய்விடுவேன். தேருக்கு முன்னால் பேண்டு செட் வந்தது. சிவப்புக் கோட்டு, தங்கக் கயிறு, வேர்த்து வழியும் முகங்கள். இரண்டாவது வரிசையில் அவன். கன்னம் உப்பி, கண் பாதி மூடி, கிளாரினெட்டை மேல் பல்லால் கவ்விக்கொண்டு வாசித்தான். மற்ற வாத்தியங்கள் நின்று, அவன் மட்டும் வாசிக்கிற இடம் ஒன்று வந்தது. தெருவே கொஞ்சம் அடங்கியது. ஷெட்டில் சங்கிலி மாட்டுகிற ஆள் அங்கே இல்லை. முடித்துவிட்டு அவன் கூட்டத்தில் என்னைப் பார்த்தான், விரலால் பல்லைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். நான் பக்கத்தில் நின்ற அத்தனை பேரிடமும், "அந்தப் பல் என் கைவேலை" என்று சொன்னேன். மெழுகுவர்த்தி விற்கிறவரைக் கூட விடவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு அவன் வரவில்லை. அந்தத் தேதியில், அவனுக்குக் கொடுத்திருந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். அவன் மனைவி. காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஊறிப்போயிருந்தது.

"அவரு வர முடியாதுன்னு சொல்லிட்டு வரச் சொன்னாரு டாக்டரம்மா. சொல்லாம வுட்டா நீங்க திட்டுவீங்கன்னாரு. பெரியாஸ்பத்திரில கீறாரு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். ஒரு மத்தியானம், தொட்டியில் புது ஆசிட் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கரன்ட் போய், புகையை இழுக்கிற ஃபேன் நின்றுவிட்டது. வெள்ளையாகப் புகை எழும்பி ஷெட் முழுக்க நிறைந்துவிட்டது. எல்லாரும் ஈரத்துணியைக் கடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறி வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அவர்களுக்கும் கண் எரிச்சல், இருமல். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

"இவருகிட்ட துண்டு இல்ல. ஒரு மாசத்துக்கு மேலயே அத்த வூட்லயே வச்சிட்டுத்தான் போய்கினு இருந்தாரு. கைல இருந்தா பழக்க தோஷத்துல கடிச்சிடுவேன்னு சொல்லிகினு இருந்தாரு. மூஞ்சில ஏதோ நீலக் கலர்ல மாஸ்க் இருந்துச்சாம், நனைஞ்சி ஒட்டிகினு. தூக்கினு வந்தவங்க சொன்னாங்க. நெஞ்செல்லாம் உள்ள வெந்துபோச்சுன்னு டாக்டருங்க சொல்றாங்க."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஏன் டாக்டரம்மா அவரு துணி கடிக்கறத வுட்டாரு? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. யாரு சொல்லி வுட்டாருன்னு தெரில."

அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். "உடம்பு தேறட்டும், பார்த்துக்கலாம்" என்று எதையோ உளறினேன். நாளைக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நான் போகவில்லை. மறுநாள் போகவில்லை, அந்த வாரம் போகவில்லை, பிறகும் போகவில்லை. என் கிளினிக்கிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம் கூட ஆகாது. பயந்தேன், வேறு ஒன்றும் இல்லை.

என்னோடு படித்த ஒருத்தியின் தங்கை நெஞ்சு டாக்டர். அவளுக்குப் போன் செய்து, யாருக்கோ நடந்த மாதிரிக் கேட்டேன். ஆசிட் புகை தண்ணீரில் கரையக்கூடியது, நனைந்த துணி அதில் ஒரு பங்கையாவது பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாள். தடுக்கிறதுக்கு அது போதாது, ஓடித் தப்பிக்கிற நேரத்துக்கு உதவும். "பேப்பர் மாஸ்க்?" என்று கேட்டேன். "அது எச்சில் தெறிக்காம இருக்கப் போடுறதுதான்க்கா" என்றாள். அப்படிப்பட்ட ஷெட்டில் துணி கடித்தாலும் கடிக்காவிட்டாலும் நெஞ்சு மெல்ல மெல்லக் கெடத்தான் செய்யும், அதற்கென்று தனி முகமூடியை முதலாளி கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். எல்லாம் சரி. அந்த மேஸ்திரிக்கும், தொட்டியோரம் நின்ற பதினைந்து பேருக்கும், என் கருவிகளைக் கழுவுகிற அக்காவுக்கும் தெரிந்திருந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. துணி பல்லுக்கு என்ன செய்கிறது என்று பார்த்தேன். அது ஏன் வாயில் இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

நாலு மாதம் கழித்து அவனே வந்தான்.

முதலில் கேட்டது படிச் சத்தம். நாலு படி, பிறகு நிற்கும். மறுபடி நாலு படி. மேலே வந்து சேர்ந்தபோது அவன் மனைவி முழங்கையைப் பிடித்திருந்தாள். சட்டை தோளிலிருந்து தொங்கியது. அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அவன் மட்டும் உள்ளே வந்தான். தோளில் துண்டு இல்லை.

நாற்காலியைச் சாய்த்ததும் இரும ஆரம்பித்தான். படுத்தால் மூச்சு வாங்கும் என்று கையால் காட்டினான். நிமிர்த்தி உட்காரவைத்து, நான் நின்றுகொண்டே பார்த்தேன். அக்கா ஐஸ் குச்சியை எடுத்துக் கொடுத்தார். முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தேன், விரலைத் தூக்கினான். பிறகு அந்தப் பல்லில் வைத்தேன். உடனே தூக்கினான். எடுத்ததும் இறக்கினான். எக்ஸ்ரே எடுத்தேன். நான் வைத்த சிமெண்டுக்கு அடியில், கோடு கிழித்த மாதிரி வெள்ளையாக ஒரு புதுச்சுவர் எழும்பியிருந்தது. உள்ளே இருந்த உயிர் தானே கட்டிக்கொண்டது. அரிப்பும் நின்றிருந்தது. இப்படி ஒரு படத்தை வகுப்பில் திரையில் காட்டுவார்கள், நாங்கள் கை தட்டுவோம். எனக்கு அந்தப் படத்தைக் கையில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை.

"நல்லா கீதா டாக்டரம்மா?"

"நல்லா இருக்கு."

"நீங்க சொன்னப்புறம் ஒரு நாளு கூட கடிக்கல." அவன் குரலில் குத்தல் இல்லை. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுக் காட்டுகிற மாதிரித்தான் சொன்னான். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"தப்பு என்மேலதான்," என்றேன். "தெரியாம சொல்லிட்டேன். அந்த மாஸ்க் எதுக்கும் ஆகாது. நான் கேட்டிருக்கணும்."

அவன் கையை ஆட்டி அந்தப் பேச்சை விலக்கினான். கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினான். கிளாரினெட்டை ஊதிப் பார்த்தானாம். இரண்டு மூச்சுக்கு மேல் வரவில்லை. செட்டிலேயே வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டான். அடுத்த வாரம் ஷெட்டுக்குத் திரும்பப் போகிறான். தொட்டிப் பக்கம் வேண்டாம், கேட்டில் உட்கார்ந்துகொள் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டிலிருந்து தொட்டி இருபது அடி.

"அங்க போகக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லலையா?"

"சொன்னாங்க. இந்த நெஞ்ச வச்சிகினு வேற யாரு கூப்புடப் போறாங்க?" பிறகு, வெளியே பெஞ்சில் இருப்பவளுக்குக் கேட்காத மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "டாக்டரம்மா, இனிமேட்டு துணி கடிச்சிக்கலாமா? உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு கடிக்கலாம்னுதான் வந்தேன்."

அக்கா திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"கடிங்க," என்றேன். "நல்லா நனைச்சிக் கடிங்க. பல்லு போனாப் போகுது."

"போச்சுன்னா புடுங்கிடுங்க," என்று சொல்லி அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. தண்ணீர் கொடுத்தேன்.

அவன் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் வெளியே போனேன். பெஞ்சில் அவன் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உள்ளேயிருந்து அவன், "டாக்டரம்மா, வேணாம்," என்றான். நான் நிற்கவில்லை. இதற்கு மேல் அவனை எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்க விடக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, துண்டை ஏன் வீட்ல வச்சிட்டுப் போனாருன்னு. நான்தான் கடிக்க வேணாம்னு சொன்னேன். அந்த நீல மாஸ்க்கும் நான் குடுத்ததுதான்."

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். கதவு வழியாக உள்ளே நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பல்லுக்காகவா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றேன்.